மசாஜ் குஷனுக்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள்

முதுகு மசாஜ் குஷன் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த நாற்காலியில் வைக்கப் போகிறீர்கள்? கேட்டவர் சற்று விழிப்பார். அவர் எதிர்பார்த்தது ஒரு மாடலின் பெயரை. எத்தனை உருண்டை, சூடு வருமா, ரிமோட் உண்டா என்று பேச்சு போகும் என்று நினைத்திருப்பார். அதெல்லாம் அப்புறம். இந்தக் குஷனை வீட்டில் நெடுநாளாகப் புழங்குகிறவள் என்ற முறையில் எனக்குத் திடமாகத் தெரிந்த ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் மோட்டார் உருண்டைகளைச் சுழற்றத்தான் செய்கிறது. அழுத்தத்தைக் கொடுப்பது நம் உடம்பின் எடை. எவ்வளவு சாய்கிறோம், எதன் மேல் சாய்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே குஷன் ஒருவருக்கு இதமாக இருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே செய்யாது, மூன்றாமவருக்கு வலியைக் கூட்டிவிடும்.

கையை வைத்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும். குஷனை மடியில் போட்டு ஓடவிட்டு, உள்ளங்கையை மேலே லேசாக வையுங்கள். துணிக்கு அடியில் உருண்டைகள் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கொஞ்சம் எடையைப் போட்டு ஊன்றினால் உள்ளங்கைச் சதையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போவது தெரியும். இன்னும் ஊன்றினால் மோட்டாரின் சத்தம் தாழும், சுற்று மெதுவாகும். சக்தி குறைந்த மோட்டாராக இருந்தால் திணறி நின்றே போகும். வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நான் செய்யும் ஒரே சோதனை இதுதான். எடை போட்ட பிறகும் ஒரே வேகத்தில் சுற்றுகிற குஷன்தான் முதுகின் பாரத்தையும் தாங்கும். வெறுமனே மேசை மேல் ஓடவிட்டுக் காட்டினால் எல்லாக் குஷனும் நன்றாகத்தான் ஓடும்.

சரி, நாற்காலிக்கு வருவோம். மெத்தென்ற சோபாவில் குஷனை வைத்துச் சாய்ந்தால், நாம் அழுத்துகிற அழுத்தத்தில் பாதியை சோபாவே வாங்கிக்கொள்ளும். குஷன் பின்னுக்குப் புதைந்து போகும். உருண்டை முதுகைத் தொட்டும் தொடாமலும் சுற்றும். பெட்டியைப் பிரித்த அன்றே "இதில் ஒன்றும் இல்லை" என்று ஒதுக்கப்படுகிற குஷன்களில் பல, இப்படி சோபாவில் வைத்துப் பார்க்கப்பட்டவையாகத்தான் இருக்கும். அதையே சாப்பாட்டு மேசை நாற்காலியில், நேரான மரச் சாய்மானத்தில் வைத்தால் முழு அழுத்தமும் முதுகில் இறங்கும். பழக்கமில்லாதவர்கள் அங்கே முதல் நிமிடத்திலேயே எழுந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில், சாய்மானம் உறுதியாகவும் சற்றே பின்சரிவாகவும் இருக்கும் நாற்காலிதான் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். பின்சரிவு கூடக்கூட முதுகில் இறங்கும் எடையும் கூடும். சாய்வு நாற்காலியை முழுக்கச் சரித்து, அதில் குஷனை வைத்துப் படுத்தால் எவ்வளவு அழுத்தம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தரையிலோ கட்டிலிலோ வைத்து அதன் மேல் மல்லாந்து படுப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். மேலுடம்பின் பாரம் மொத்தமும் சில உருண்டைகளின் மேல் வந்து நிற்கும். மோட்டாருக்கும் அது நல்லதில்லை.

வலைத்துணிச் சாய்மானம் போட்ட அலுவலக நாற்காலியில் இன்னொரு சிக்கல். வலை பின்னால் வளைந்து கொடுக்கும். கூடவே, சின்னக் குஷன் மெல்ல மெல்லக் கீழே நழுவும். அதனால்தான் பின்பக்கம் பட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். எலாஸ்டிக் பட்டையைவிட, இழுத்து இறுக்குகிற கொக்கிப் பட்டை எனக்குப் பிடிக்கும். எலாஸ்டிக் நாளாவட்டத்தில் தொளதொளத்துப் போய்விடும்.

இனி வகைகள். கடையில் எத்தனை பெயரில் விற்றாலும் அடிப்படையில் மூன்றுதான். முதலாவது, அதிர்வு மட்டும் தருவது. ஒரு பக்கம் கனம் கூடிய சின்னச் சக்கரத்தைச் சுழற்றி அதிர்வை உண்டாக்கும் மோட்டார்கள் உள்ளே இருக்கும். தட்டையானது, இலேசானது. உட்கார்ந்திருக்க இதமாக இருக்கும், ஆனால் இறுகிப்போன தசையை இது பிசைந்து விடாது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தலையணை அளவில் இருக்கும் சின்னக் குஷன். நான்கு உருண்டைகளோ எட்டு உருண்டைகளோ இருக்கும், ஜோடி ஜோடியாகச் சுற்றும். பல மாடல்களில் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் திசை தானாக மாறும். ஒரு திசையில் உருண்டைகள் சதையை முதுகெலும்பை நோக்கி உள்ளே கூட்டும், மறு திசையில் வெளியே விலக்கும். பழகிய பிறகு இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பிடித்ததாகிவிடும். எனக்கு வெளியே விலக்கும் சுற்றுதான். திசையை நாமே மாற்றப் பொத்தான் இருக்கிற குஷனாக வாங்கினால் இந்த வசதி கையில் இருக்கும்.

மூன்றாவது, நாற்காலி முழுக்க விரிக்கும் நீளக் குஷன். இதில் உருண்டைகள் ஒரு தண்டவாளத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கும். மேல்முதுகு மட்டும், கீழ்முதுகு மட்டும், ஒரே இடத்தில் நிற்க என்றெல்லாம் ரிமோட்டில் இருக்கும். சிலவற்றில் உருண்டைகளுக்கு இடையே உள்ள அகலத்தையும் மாற்றலாம். குஷனை நகர்த்தாமலே முதுகு முழுக்க ஓடுகிறது என்பது இதன் பெரிய சௌகரியம். ஆனாலும் நான் எடுப்பது சின்னதைத்தான். வலி எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்கலாம், வேலை முடிந்ததும் அலமாரிக்குள் போட்டுவிடலாம். நீளக் குஷன் ஒரு நாற்காலியை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

நீளக் குஷனில் நான் கவனித்த பெரிய பிரச்சினை உயரம். எங்கள் வீட்டில் அது நன்றாகத் தெரிந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் சரியாக வந்து நிற்கிற உருண்டை, அம்மா உட்கார்ந்தால் கழுத்தடிக்குப் போய்விடும். அம்மா என்னைவிடக் குள்ளம்.

"என்னம்மா, எப்படி இருக்கு?" என்றேன்.

"வலிக்கிற இடத்த விட்டுட்டு மத்த எல்லா இடத்துலயும் பிசையுதுடி" என்றாள்.

கீழே ஒரு கெட்டியான திண்டைப் போட்டு அம்மாவை உயர்த்தி உட்கார வைத்தோம். அதன் பிறகுதான் உருண்டை இடத்துக்கு வந்தது. ஆகவே வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையிலிருந்து வலிக்கும் இடம் வரை எத்தனை அங்குலம் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். தோள் மேடு வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். குஷனின் மொத்த உயரம் இங்கே உதவாது. உருண்டைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்கிற அளவு வேண்டும். விவரக் குறிப்பில் அது இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரே வீட்டில் உயரமானவரும் குள்ளமானவரும் புழங்கப் போகிறார்கள் என்றால் சின்னக் குஷன்தான் சண்டையில்லாதது.

சூடு பற்றி. பெரும்பாலான குஷன்களில் சூட்டுக்கு ஒரு பொத்தான் இருக்கும். போட்டால் உருண்டைகளுக்குள் சிவப்பு வெளிச்சம் தெரியும். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நல்ல சூடு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. பல மாடல்களில் வருவது மிதமான வெதுவெதுப்புதான், அதுவும் சில நிமிடங்கள் கழித்தே துணியைத் தாண்டி வரும். ஒத்தடத்துக்கு ஈடாக அதை எண்ண வேண்டாம். இருந்தாலும் அந்த வெதுவெதுப்பு எனக்குப் பிடிக்கும், முதுகு முரண்டு பிடிக்காமல் இளகிக் கொடுக்கும். ஒரே இடத்தில் தினமும் நீண்ட நேரம் சூடு படுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தோல் வெந்துபோகிற அளவுக்குச் சூடு தேவையே இல்லை. 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு திரும்பத் திரும்பப் பட்டாலே தோலில் வலை பின்னியது மாதிரி செம்பழுப்புத் திட்டு வரும். சூட்டுப் பட்டைகளையும் மடிக்கணினியையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்பவர்களிடம் தோல் மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டுப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே நல்லது. சுடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும் முன்பே காயமாகிவிடலாம்.

இது நிஜமாகவே எதையாவது செய்கிறதா, அல்லது வெறும் சுகம்தானா? நியாயமான கேள்வி. அடிபட்ட இடத்தை நாம் தன்னையறியாமல் தேய்த்து விடுகிறோமே, அதற்கு ஒரு விளக்கத்தை 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். தொடுதல், அழுத்தம் ஆகிய உணர்ச்சிகள் தண்டுவடத்துக்கு வந்து சேரும்போது, அங்கே ஒரு கதவு பாதி சாத்தப்பட்டு, வலிச் செய்தி மூளைக்குப் போவது குறைகிறது என்பது அதன் சாரம். பின்னாளில் அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் திருத்தப்பட்டன. அடிப்படை எண்ணம் இன்றும் பேசப்படுகிறது. குஷனில் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் நிம்மதியில் ஒரு பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். எழுந்து போன பிறகு வலி மெல்லத் திரும்புவதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. கதவு திரும்பத் திறந்துகொள்கிறது.

முதுகு வலி எவ்வளவு பரவலானது என்பதற்கு உலக சுகாதார அமைப்பு தரும் கணக்கு இது: 2020இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள். இதில் மிகப் பெரும்பாலானவர்களின் வலிக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒரு குறிப்பிட்ட காரணத்தைக் காட்ட முடிவதில்லை. புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூட்டையும் மசாஜையும் முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சூட்டுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு, மசாஜுக்கான சான்று வலு குறைந்தது என்பதையும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நாட்பட்ட வலி என்றால் உடற்பயிற்சிக்கு அங்கே முக்கிய இடம். அவர்கள் பேசுகிற மசாஜ் மனிதக் கையால் செய்வது. கை இறுக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும், வலித்தால் தளரும். குஷனுக்கு அந்தப் புத்தி கிடையாது. அந்தப் புத்தியை உட்கார்ந்திருக்கிற நாம்தான் கொடுக்க வேண்டும்.

கொடுப்பது எப்படி என்றால், சாய்வை வைத்துத்தான். நான் செய்வதைச் சொல்கிறேன். குஷனை ஓடவிடுவதற்கு முன்பே இடம் பார்த்து வைத்துவிடுவேன். முதுகின் நடுக்கோட்டில் விரலை வைத்தால் வரிசையாக எலும்பு முனைகள் தட்டுப்படும். அதற்கு இரண்டு பக்கமும், ஏறக்குறைய இரண்டு விரல் தள்ளி, கயிறு முறுக்கியது போல் நீளமாகத் தசை ஓடும். நம்மை நிமிர்த்திப் பிடிக்கிற தசை அது. உருண்டைகள் வர வேண்டிய இடம் அதுதான், எலும்பு முனைகளின் மேல் ஏறக் கூடாது. குஷன் ஒரு விரல் அளவு கோணலாக இருந்தாலும் ஒரு பக்க உருண்டை எலும்பில் மோதும், மறு பக்கம் விலாவுக்குப் போகும். இடம் சரியான பிறகு பொத்தானை அழுத்திவிட்டு, முதலில் முதுகை முன்னுக்கு வைத்துத் தொட்டும் தொடாமலும் உட்காருவேன். இரண்டு கையும் தொடை மேல் ஊன்றியிருக்கும், மேலுடம்பின் எடையைக் கைதான் தாங்கிக்கொண்டிருக்கும். உருண்டைகள் ஒரு திசை சுற்றி முடிந்து மறு திசைக்கு மாறும்போது கைகளைத் தளர்த்தி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு விடுவேன். மூச்சை வெளியே விடுகிற நேரத்தில் சாய்ந்தால் தசை எதிர்க்காது. பல்லைக் கடிக்கிறேன், தோளைத் தூக்குகிறேன் என்று தெரிந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே கையை ஊன்றிவிடுவேன். வலித்தால்தான் வேலை செய்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. வலிக்கு எதிராகத் தசை இறுகிக்கொண்டால் உருண்டை சுற்றி என்ன பயன்?

ஒல்லியானவர்களுக்குச் சாய்வைக் குறைத்தும் உருண்டை உறுத்தும். ஒரு துண்டை நான்காக மடித்து நடுவில் போட்டால் சரியாகிவிடும். சில குஷன்களில் இதற்கென்றே வெல்க்ரோ போட்ட ஒரு துணிமடிப்பு மேலே தொங்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அதை உருண்டைகளின் மேல் இழுத்துவிட்டால் அழுத்தம் நன்றாகவே குறையும். விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் பக்கவாட்டுப் பகுதி இருக்கிறதே, அங்கே ஊன்றிச் சாய வேண்டாம். உள்ளே சிறுநீரகங்கள் இருக்கின்றன, மேலே காப்பாக அதிக எலும்பும் இல்லை. கழுத்துக்கு வைப்பதானால் பின்கழுத்துத் தசைக்கு மட்டும்தான். பக்கவாட்டிலும் முன்பக்கத்திலும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, அங்கே உருண்டை போகவே கூடாது.

நேரம்? பல குஷன்கள் 15 அல்லது 20 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அந்த வசதி இல்லாததை வாங்க வேண்டாம், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் அந்த 20 நிமிடமும் ஒரே இடத்தில் என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம் தாராளம். மறுநாள் தொட்டால் வலிக்கிறது, தோல் கன்றியிருக்கிறது என்றால் நேரத்தையும் சாய்வையும் குறைக்க வேண்டியதுதான். நின்றதும் மறுபடி பொத்தானை அழுத்தத் தோன்றும். அந்த நேரத்தில் எழுந்து நடந்தால் அதைவிட நல்லது. வலி தணிந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் முதுகு நன்றாக வளைந்து கொடுக்கும், இடுப்பைத் திருப்பிக் குனிந்து நிமிர்வது எளிதாக இருக்கும். என்னைக் கேட்டால் குஷனின் உண்மையான லாபம் அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது. இன்னொன்று, குஷனை நாற்காலியிலேயே கட்டிவைத்து அதன் மேல் சாய்ந்து நாள் முழுக்க வேலை பார்க்காதீர்கள். ஓடாமல் இருந்தாலும் அது கெட்டியான மேடுதான். கீழ்முதுகை முன்னுக்குத் தள்ளிவிடும், இருக்கையின் ஆழமும் குறையும். மசாஜ் முடிந்ததும் அவிழ்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கருவுற்றவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உட்காரக் கூடாது. விழுந்து அடிபட்ட முதுகையும் முதலில் காட்டிவிடுவதே சரி. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கால் பலவீனப்படுவது என்று ஏதாவது இருந்தால் குஷனைத் தேடும் நேரம் அது இல்லை. தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலோ உடனே, அந்த நாளிலேயே, மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புகள் நசுங்குகின்றன என்பதற்கான அறிகுறி அது. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக் கூடும்.

மற்ற விவரங்களுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. அடாப்டர் ஒயரின் நீளம் உங்கள் பிளக் பாயின்ட்டுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடுவது வசதிதான், ஆனால் பேட்டரி வலுவிழக்கும்போது குஷனின் ஆயுளும் அத்தோடு முடிந்துவிடுவதாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரில் போடும் ஒயரைச் சேர்த்துத் தருகிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் அதைப் பயன்படுத்தக் கூடாது, பக்கத்தில் உட்காருகிறவருக்கு மட்டும்தான்.

நான் கடைசிவரை விடாமல் பார்ப்பது உறைத்துணியை. வாங்கும்போது அது ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்போம், வியர்வை படுகிற சாமான் இல்லையா. அதைவிட முக்கியம், உருண்டைகளின் மேல் வருகிற அந்த வலைத்துணி. அது இருப்பது அழகுக்காக இல்லை. சுற்றுகிற பாகத்துக்கும் நம் தலைமுடிக்கும் நடுவில் இருக்கிற ஒரே தடுப்பு அதுதான். 2011இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கழுத்துக்கும் தோளுக்கும் போடுகிற ஒரு மசாஜ் கருவியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிடும்படி பொதுமக்களை எச்சரித்தது. சங்கிலி, முடி, துணி ஆகியவை சுற்றும் பாகத்தில் மாட்டிக் கழுத்து இறுகியதில் ஒருவர் இறந்திருந்தார். குஷனும் சுற்றுகிற கருவிதான். அதனால் எங்கள் வீட்டில் முடியைத் தூக்கிக் கட்டி, சங்கிலியைக் கழற்றி, துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவோம். குழந்தைகளைத் தனியாக அதன் பக்கத்தில் விடுவதில்லை. உறை துவைக்கப் போயிருக்கும்போது "ஒரு நிமிஷம்தானே" என்று வெறும் உருண்டையில் சாய்வதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது.

துணி முதலில் நைவது உருண்டை திரும்பும் ஓரத்தில்தான். அங்கே விரலால் தடவினால் நூல் பொசுபொசுவென்று எழும்பியிருப்பது, கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை அப்படித் தடவிப் பார்த்தால் போதும். துணிக்கு அடியில் பிளாஸ்டிக் தெரிய ஆரம்பித்துவிட்டதென்றால் ஊசி நூல் எடுத்துத் தைக்க உட்காராதீர்கள், தையல் சுற்றில் பிரிந்துவிடும். புது உறை கிடைத்தால் மாட்டுங்கள், கிடைக்காவிட்டால் குஷனின் காலம் முடிந்தது. பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுக்கும் முன் அடாப்டர் ஒயரை மட்டும் வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்து அதில் சாய்ந்துவிடாமல் இருக்கட்டும்.